வந்துவிடக் கூடாதே என்று நான் பயந்த டிவிடெண்ட்

ஷேர் மார்க்கெட்டைப் பற்றி வாப்பாவுக்கு என்ன தெரியும் என்று போன வாரம் நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். பத்தாவதோடு நின்றவன்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஓர் அமெரிக்கக் கம்பெனியில் நானும் ஒரு பங்குதாரர். அந்தக் கதை உங்களுக்குத் தெரியாது.

அப்போது நீங்கள் உம்மாவோடு ஊரில் இருந்தீர்கள். நான் குவைத்தில், ஃபர்வானியாவில் ஒரு ரூமில் கூட்டமாகத் தங்கி, ஏசி ரிப்பேர் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்கீப்பர் வேலை பார்த்தேன். உங்களைக் கூட்டிவர ஃபேமிலி விசாவுக்கு மனு போட்டிருந்தேன். அந்தத் தாள்கள் எங்கள் மந்தூபிடம் இருந்தன. மந்தூப் என்றால் கம்பெனிக்காக அரசாங்க ஆபீஸ்களுக்கு அலைகிறவர். எகிப்துக்காரர், நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் நீளம்.

கல்ஃபில் எங்களுக்குக் கதவு எண் எல்லாம் கிடையாது. யார் முகவரி கேட்டாலும் கஃபீலின், அதாவது எங்களுக்கு விசா கொடுத்த முதலாளியின், தபால் பெட்டி எண்ணைத்தான் கொடுப்போம். வரும் கடிதங்களை மந்தூப் எடுத்து வருவார். டீ நேரத்தில் எல்லார் முன்னாலும் கத்தரியால் வெட்டித் திறந்து, யாருக்கு என்ன வந்திருக்கிறது என்று சத்தமாகச் சொல்லித்தான் கையில் கொடுப்பார். அதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. ஊர்ச் செய்தி எல்லாருக்கும் பொதுதானே.

அமெரிக்காவில் இருந்த உங்கள் மாமா ஒரு நாள் போன் செய்தார்.

"மச்சான், உங்க பேருல கொஞ்சம் ஷேர் வாங்கிப் போட்டிருக்கேன். பிள்ளைங்களுக்கு என் அன்பளிப்பு. முகவரிக்கு உங்க தபால் பெட்டி நம்பரைக் கொடுத்துட்டேன்."

"என்ன கம்பெனி?"

"மருந்துச் செடி வளர்க்கிற கம்பெனி."

துளசி, ஆடாதொடை மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் டீ நேரத்தில், அமெரிக்காவில் எனக்கு மூலிகைக் கம்பெனியில் பங்கு இருக்கிறது என்று எல்லாரிடமும் சொன்னேன். மந்தூப் எழுந்து கைகொடுத்தார். அதிலிருந்து தபால் கட்டோடு வரும்போதெல்லாம், "பாய், அமெரிக்கா பைசா ஆயா?" என்று, பணம் வந்ததா என இந்தியில் கேட்பார். "மாஃபி," இல்லை, என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, சுபுஹு தொழுதுவிட்டு வந்து நானே மாமாவுக்குப் போன் போட்டேன். பங்கு எப்படி இருக்கிறது என்று விசாரிக்க வேண்டாமா, பங்குதாரர் அல்லவா?

"நல்லாப் போகுது மச்சான். கம்பெனிக்குப் புதுசா முத்திரையே போட்டாச்சு. உறை, செக்கு எல்லாத்துலயும் பச்சையா ஒரு இலை. பார்க்கவே அழகு."

"என்ன இலைடா அது?"

கொஞ்சம் இழுத்தார். "கஞ்சா இலைதான் மச்சான். இங்க டாக்டர் சீட்டு இருந்தா தப்பே இல்லை. புற்றுநோய்க்காரங்களுக்கு மருந்து."

அந்தப் பொருளின் பேரைச் சொன்னாலே போலீஸ் திரும்பிப் பார்க்கிற நாடு. அங்கே எங்கள் டீ மேசை மேல், அந்த இலை போட்ட உறையை மந்தூப் தூக்கிப் பிடித்து, என் பேரைக் கூப்பிடுவார். விசா போகட்டும், வேலை இருக்குமா? நான் வெளியே இருப்பேனா?

"என் பங்கை வித்துடு."

"இப்போ யாரும் வாங்க மாட்டாங்க மச்சான்."

"முகவரியை மாத்து."

"மாத்தலாம். ஆனா மாத்தியாச்சுன்னு பழைய முகவரிக்கு ஒரு கடிதாசி போடுவாங்க. பாதுகாப்புக்காக."

"அந்த உறையிலயா?"

"அதே உறைதான். நீங்க ஏன் அவசரப்படுறீங்க? கம்பெனி சும்மா தபால் போடாது. அடுத்த வாரம் மீட்டிங் இருக்கு. லாபத்துல பங்குதாரருக்கு டிவிடெண்ட் கொடுக்கலாமான்னு முடிவு பண்றாங்க. கொடுத்தா செக்கு நேரா உங்க பெட்டிக்கு வந்துடும்!"

எனக்கு மட்டும் வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கிறேன் என்றேன். கொடுத்தால் எல்லாருக்கும், இல்லையென்றால் யாருக்கும் இல்லை, அதுதான் சட்டம் என்று விளக்கினார்.

அந்த வாரம் நான் கேட்ட துஆவை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பிறந்ததிலிருந்து ரிஸ்க் என்கிற வாழ்வாதாரத்தைக் கொடு, பரக்கத்தைக் கொடு என்று கேட்டே பழகிய வாய். முதல் தடவையாக, யா அல்லாஹ், எனக்கு வரவேண்டிய பணத்தை எப்படியாவது தடுத்துவிடு என்று கேட்டேன். மந்தூப் கத்தரியைக் கையில் எடுத்தால் நான் டீயைக் கீழே வைத்துவிடுவேன்.

மீட்டிங் முடிந்து மாமா கூப்பிட்டார். துக்க வீட்டிலிருந்து பேசுவது போல் குரல்.

"ஏமாத்திட்டாங்க மச்சான். டிவிடெண்ட் கிடையாதாம். வர்ற லாபத்தை எல்லாம் விளக்குக்கும் கண்ணாடிக் கூடாரத்துக்கும் போடப்போறாங்களாம். இப்போதைக்கு மட்டும் இல்லை, கண்ணுக்கு எட்டின காலம் வரைக்கும் கொடுக்கிற யோசனையே இல்லையாம். அதுதான் கம்பெனிக் கொள்கையாம்."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றேன்.

"உங்க பொறுமை யாருக்கும் வராது மச்சான்," என்றார். அன்றிலிருந்து சொந்தக்காரர்களிடம் எல்லாம் என் பொறுமையைப் புகழ்ந்துகொண்டிருக்கிறார். பெருநாளைக்கு அவர் வரும்போது நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

சில வாரம் கழித்து, டீ நேரத்தில் மந்தூப் கேட்டார்: "பாய், அமெரிக்கா பைசா ஆயா?"

"மாஃபி. எப்போதும் வராது. கலாஸ், முடிந்தது."

அவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவே பாவமாக இருந்திருக்க வேண்டும். என் டீக்கு அவரே காசு கொடுத்தார். அமெரிக்காக்காரனை நம்பாதே, மூலிகை என்று சொல்லி உன்னை ஏமாற்றிவிட்டான் என்று அரை இந்தியில் புத்தி சொன்னார். பிறகு பையைத் திறந்து மூன்று தாள்களை எடுத்து என் முன்னால் வைத்தார். உம்மாவின் விசாவும், உங்கள் இருவரின் விசாவும்.

"இது ஏமாற்றாது," என்றார்.

பங்கு இன்னும் என் பேரில்தான் இருக்கிறது. கொள்கையும் மாறவில்லை.