ஐயாவை யார் மறிப்பது

காலை ஆறேகால் மணிக்கு என் கணவர் இருபது பெண்களைக் கொழுந்தே இல்லாத மலைக்கு அனுப்பினார்.

அவர் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. பெரட்டில் (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடம்) நின்று, யார் எந்த மலைக்குப் போக வேண்டும் என்று சொல்வது அவருடைய வேலை. அன்று அவர் சொன்ன மலையில் முந்தைய வாரம்தான் கவ்வாத்து வெட்டி முடிந்திருந்தது. செடிகள் வெறும் குச்சிகளாக நின்றன. வெட்டும்போது நாள் முழுக்க அங்கே நின்று வேலை வாங்கியவரும் அவரேதான். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம். ஆனாலும் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம்.

திரும்பி வந்தவர்களில் பாக்கியம் என்பவர், "ஐயா, கொழுந்தெடுக்கவா வெறகு பொறுக்கவான்னு வெவரமா சொல்லி அனுப்புங்க, கத்தியாச்சும் கொண்டு போயிருப்போம்ல" என்று கேட்டிருக்கிறார். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். என் கணவரும் சேர்ந்து சிரித்தாராம். வீட்டில் அவர் இதைச் சொல்லவில்லை. நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். என் வகுப்புப் பிள்ளைகள் சொல்லித்தான் எனக்குத் தெரிய வந்தது.

அவருக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. களைப்பு என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் குளித்துவிட்டு வந்தவர் துவாயை எடுத்துக்கொண்டு மறுபடி குளிக்கப் போனார். எங்கள் மகள் பிரியாவை என் தங்கையின் பெயரால் கூப்பிட்டார். அவள் திருத்தியபோது, "எனக்குத் தெரியும்" என்று எரிந்து விழுந்தார்.

நுவரெலியாவில் முதலில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தைரொய்ட் சுரப்பு குறைந்தாலும், சில விட்டமின்கள் குறைந்தாலும் மறதி வரலாம், அவற்றைச் சரிசெய்யலாம் என்றார்கள். அவற்றில் ஏதாவது ஒன்று அவருக்கு இருக்க வேண்டும் என்று நான் கும்பிட்டேன். எதுவும் இருக்கவில்லை. அடுத்துக் கண்டிக்கு அனுப்பி ஸ்கேன் (மூளையைப் படம் பிடித்தல்) எடுத்தார்கள்.

கண்டியில் பார்த்த டொக்டர் சிங்களவர், பொறுமையானவர். இது எந்த மாதம் என்று அவர் கேட்டதும் என் கணவர் என் பக்கம் திரும்பி, "இதெல்லாம் டீச்சர்மாருக்குத்தான் தெரியும், என்கிட்ட மலையப் பத்திக் கேக்கச் சொல்லு" என்றார். டொக்டர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

அல்சைமர் (மூளையின் உயிரணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்து நினைவும் அறிவும் குறைந்துபோகும் நோய்). மாத்திரை சிலருக்கு அதன் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், குணமாக்காது என்றார். இதை அக்கம்பக்கத்தில் மறைக்காதீர்கள் என்றும் சொன்னார்.

பஸ்ஸில் வரும்போது பிரியா கேட்டாள்: "எனக்கும் வருமாம்மா?"

அதையும் டொக்டரிடம் கேட்டிருந்தேன். பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை, ஆனால் இவரைப்போல அறுபத்தைந்துக்கு முன்பே வந்தால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். பிரியாவிடம், "வராது" என்று மட்டும் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறைக்கவில்லை. லயத்துக்கு லயம் (தொழிலாளர் வசிக்கும் வரிசை வீடுகள்) போய்ச் சொன்னேன். ஐயாவுக்கு மூளையில் வருத்தம், தனியாகக் கண்டால் வீட்டுக்குக் கூட்டி வாருங்கள் என்றேன். சரி டீச்சர், சரி டீச்சர் என்றார்கள். சிலர் அழுதார்கள்.

இதை வாசிப்பவர்களில் யாராவது இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால், எனக்குத் தெரிந்த கொஞ்சத்தைச் சொல்கிறேன். வாதாடாதீர்கள். வேலைக்குப் போகிறேன் என்று அவர் நின்றால், "மழை விடட்டும், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்று சொல்லிப் பாருங்கள். பல நாள் பலிக்கும். அவருடைய தொப்பியை ஒருமுறை ஒளித்து வைத்தேன். அன்று முழுவதும் சாப்பிடவில்லை, என் கையை முறுக்கிவிட்டார். தொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன். அதைத் தலையில் வைத்ததும் அடங்கினார்.

என் உடம்பும் மாறிவிட்டது. தூக்கத்திலும் காது விழித்திருக்கிறது. பிரியா கைக்குழந்தையாக இருந்தபோதும் இப்படித்தான் இருந்தது. ஆனால் அது முடிந்துவிடும் என்று அப்போது தெரியும். மணிக்கூட்டை நான் பார்ப்பதில்லை. அவர் கடைசியாகத் தண்ணீர் குடித்தது, கடைசியாகக் கழிப்பறைக்குப் போனது, கடைசியாக என்னை அடையாளம் கண்டது, இவற்றை வைத்துத்தான் நேரத்தைக் கணக்கிடுகிறேன். இப்போது அவர் அதிகம் நடப்பதில்லை. அவர் கடைசியாகத் தனியே நடந்த நாளைச் சொல்கிறேன்.

பள்ளிக்கூடம் விட்டு நான் வந்தபோது, அப்பாவைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்த பிரியா செருப்பில்லாமல் ரோட்டில் நின்றாள். மழை இறங்குகிறதே என்று கொடியில் கிடந்த துணிகளை எடுக்கப் போயிருக்கிறாள். அதற்குள் அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

"என்னாலதாம்மா" என்றாள். அவளை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு மேலே ஓடினேன்.

வழியில் கண்டவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்திருந்தார்கள். ஆமா டீச்சர், ஐயா மேல போனாரு. ஆமா டீச்சர், சலாம் சொன்னேன், தலையாட்டினாரு. கொழுந்து மூட்டையோடு வந்த ஒருவர், குறுகலான பாதையில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அவருக்கு வழிவிட்டிருக்கிறார்.

"உங்களுக்குத்தான் சொல்லியிருந்தேனே!" என்று கத்தினேன்.

"தெரியும் டீச்சர்" என்றார் அவர் தலைகுனிந்து. "ஆனா ஐயா அந்த நடையில வரையில யாரு மறிக்கிறது? கைய நீட்டி எங்க போறீங்கன்னு கேக்க முடியுமா? கேட்டு நமக்குப் பழக்கமில்லையே."

கோபம் வந்தது. ஆனால் யார் மேல் கோபப்படுவது? கணக்கப்பிள்ளை வந்தால் ஒதுங்கி நில் என்று அந்த மலை அவர்களைப் பழக்கிவைத்திருக்கிறது. பழக்கியவர்களில் என் கணவரும் ஒருவர்.

மேலே பனி மூடிவிட்டது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. மழைத்தண்ணீர் கான்களில் (மலையில் வெட்டிய வடிகால்களில்) இரைந்து ஓடியது. ஆண்கள் பிரிந்து தேடப் போனார்கள். கால் வழுக்கி நான் இரண்டு தரம் விழுந்ததும் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நானும் பிரியாவும் அடுப்பில் சுடுதண்ணீர் வைத்தோம். கொதித்து வற்றியது. மறுபடி வைத்தோம். எனக்கு இரண்டு பயம். ஒன்று அவர் செத்துப்போவார் என்பது. மற்றது, அப்படி நடந்தால் பிரியா தன்னை மன்னிக்கவே மாட்டாள் என்பது.

இருட்டத் தொடங்கும் நேரம் வாசலில் ஆளரவம் கேட்டது. பாக்கியம். கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் தன் படங்குச் சாக்கை அவர் தோளில் போர்த்தி, அவருடைய மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தார். கானுக்குள் உட்கார்ந்திருந்தாராம். தொப்பி இல்லை. கால் முழுக்க அட்டை கடித்த இரத்தம். உதடு நீலமாக இருந்தது. பிரியா ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டாள்.

அதன் பிறகும் பாக்கியம் அவர் கையை விடவில்லை. நின்ற இடத்திலேயே அழத் தொடங்கினார்.

"ஐயா ஒன்னுமே சொல்லல டீச்சர்" என்றார். "கையப் புடிச்சு இழுத்தேன். ஒரு வார்த்தகூட ஏசாம, என்கூட வந்துட்டாரு."