அப்பா வாங்கித் தந்த குரல்

ஸ்பிரிட் நனைத்த பஞ்சும் மெஷின் ஆயிலும் கலந்த வாசனை எங்காவது அடித்தால் இன்றைக்கும் என் இடுப்பு தானாக ஒரு பக்கம் ஒதுங்கிக்கொள்கிறது. பஞ்சு, ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு கிளினிக்கில் ஊசிக்கு முன் தேய்த்தது. ஆயில், என்னைத் தோளோடு அணைத்துக்கொண்டு நின்ற அப்பாவின் கம்பெனிச் சட்டையில் இருந்தது. ஒன்பதாம் வகுப்புப் படித்த அந்த வருஷத்தை நான் ஞாபகம் வைத்திருப்பதே இந்த வாசனையாகத்தான்.

எங்கள் ஊர் ஒரகடத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவில். அப்பா கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைனில் நின்றார், அம்மா வேறொரு கம்பெனியின் கேன்டீனில் வேலை பார்த்தாள், இருவருக்கும் எதிரெதிர் ஷிப்ட். அப்பாவை இறக்கிவிடும் பஸ்ஸும் அம்மாவை ஏற்றிக்கொள்ளும் பஸ்ஸும் ரோட்டு முனையில் ஒன்றாக வந்து நிற்குமே, அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் எங்கள் குடும்பமே நடந்தது. சிலிண்டர் தீர்ந்தது, மாமா வீட்டு விசேஷம், என் காய்ச்சல், எல்லாச் சேதியும் ஹாரன் சத்தத்துக்கு நடுவே அங்கேதான் கை மாறும். 'ஷிப்ட் பேச்சு' என்று நாங்களே அதற்குப் பெயர் வைத்திருந்தோம்.

அப்போது எனக்கு ஆண்பிள்ளைப் பெயர், ஆண்பிள்ளைச் சட்டை. உள்ளே நான் பெண் என்பது விவரம் தெரிந்த நாளிலிருந்தே எனக்குத் தெரியும். பெயரையும் சட்டையையும் என்னால் பொறுத்துக்கொள்ள முடிந்ததென்றால் அதற்குக் காரணம் என் குரல். பள்ளியில் இறைவணக்கம் நான்தான் பாடுவேன். கண்ணை மூடிக்கொண்டு பாடும் அந்தச் சிறிது நேரம் நான் நானாக இருந்தேன். கூடப் படித்த பையன்களுக்கு ஒவ்வொருவனாகத் தொண்டை கரகரத்து, அவனவன் அப்பாவைப் போலப் பேசத் தொடங்கியபோது நான் தினமும் எழுந்ததும் ஒரு வரி பாடிப் பார்த்துக்கொண்டேன். அடுத்தது என் முறைதான் என்று தெரியாதா என்ன?

என்னைப் போன்ற பிள்ளைகளைப் பார்க்கவும் டாக்டர்கள் உண்டு என்று டிவியில் யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தபோது அருகில் போய் நின்று, "எனக்கு கொரலு மாறக் கூடாதும்மா. பொம்பளப் புள்ள கொரலாவே இருக்கணும். டாக்டர்கிட்ட கேக்கலாமா?" என்றேன். அவள் திட்டவில்லை, அடிக்கவில்லை. பானையை நிமிர்த்திவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "அப்பாகிட்ட சொல்றேன். வெளிய எங்கியும் வாயத் தொறக்காத" என்றாள்.

சொன்னாள்தான். ஆனால் சுற்றிலும் இரண்டு கம்பெனி ஆட்கள் நிற்கும் பஸ் நிறுத்தத்தில் ஒரு தாய் அதை எப்படி முழுதாகச் சொல்வாள்? "புள்ளைக்குக் கொரலு ஒரு மாதிரியா கீது, டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ் ஏறியிருக்கிறாள். இது எனக்குத் தெரிந்தது வெகுகாலம் கழித்துத்தான்.

மறுநாளே அப்பா பைக்கை எடுத்துக்கொண்டு, "வாடா, டாக்டர்கிட்ட போலாம்" என்றார். நான் எப்படித் துள்ளி ஏறினேன் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே பரிதாபம் வருகிறது. வழியெல்லாம் அவர் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டே போனேன். எங்கள் பக்கத்து ஆண்களுக்கு அந்தக் கிளினிக் பழக்கப்பட்ட இடம், தொடர்ந்து ஓவர்டைம் பார்த்து உடம்பு விட்டுப்போனால் அங்கே போய் 'சத்து ஊசி' போட்டுக்கொண்டு மறுபடி லைனில் நிற்பார்கள். அப்பாவின் அகராதியில் உடம்புக்கு வரும் குறை எதுவானாலும் சத்துக்குறைதான், மருந்தும் ஒன்றுதான். அவர் டாக்டரிடம் தனியாக ஏதோ பேசிவிட்டு வந்தார். ஊசி வலித்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். திரும்பும் வழியில் ரோஸ் மில்க் வாங்கித் தந்து, "வலிக்குதா? எல்லாம் சரியாப் பூடும்" என்றார்.

இப்படி மாதாமாதம் போனோம். சரியாகிக்கொண்டிருக்கிறது என்று நான் நம்பிக்கொண்டிருக்கும்போதே ஒரு திங்கட்கிழமை இறைவணக்கத்தின் முதல் வரியில் என் குரல் உடைந்தது. பையன்கள் சிரித்தார்கள். ஊசி இன்னும் கொஞ்சம் போடவேண்டும் போல என்று நானே அப்பாவை நச்சரித்துக் கூட்டிப் போனேன். டாக்டர் என் மேலுதட்டைத் தடவிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். "பாத்தீங்களா, மீசை வந்துடுச்சு. கொரலும் எறங்கிடுச்சு. ஆம்பள ஹார்மோன் வேலை செய்யுது."

நான் அப்பாவின் கையை உதறிவிட்டு ரோட்டுக்கு ஓடினேன். அவர் பின்னாலேயே ஓடி வந்தார். "இன்னாடா ஆச்சு? உன் நல்லதுக்குத்தானே..." "கொரலு மாறாம நிறுத்தத்தாம்பா நான் கேட்டேன்" என்று கத்தினேன். அதுவும் அந்தப் புதுக் குரலில்தான் வந்தது. அப்பாவுக்கு அப்போது புரியவில்லை, வீட்டில் அம்மாவைக் கேட்டுத்தான் புரிந்துகொண்டார். புரிந்தபிறகு அவர் என்னை அந்தப் பக்கம் அழைத்துப் போகவில்லை, என் முகம் பார்த்துப் பேசவும் இல்லை. எனக்கு அவர்மேல் இருந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பின்னால் விஷயம் தெரிந்தபோது, முழுதாகச் சொல்லாத அம்மாமேலும்தான்.

நான் வளர்ந்த பின் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இதையெல்லாம் சொன்னேன். பரிசோதனைகூட இல்லாமல் ஒரு பிள்ளைக்கு அதைப் போட்டதே தப்பு என்று டாக்டரம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஊசி இல்லாவிட்டாலும் குரல் மாறியிருக்கும். அதைத் தள்ளிப்போட வேறு மருந்து உண்டு, பிள்ளையோடும் பெற்றவர்களோடும் உட்கார்ந்து பேசி, பார்த்துத்தான் கொடுப்பார்கள் என்றார். இப்போது பெண் ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டால் பழைய குரல் வருமா என்று கேட்டேன். "வராதும்மா. ஒருதரம் தடிச்ச தொண்டை தடிச்சதுதான். பயிற்சி பண்ணி மேல ஏத்திப் பேசலாம்." அப்படிப் பழகி, ஒவ்வொரு சொல்லாக ஏற்றிக் கட்டியதுதான் இப்போது நான் பேசும் குரல்.

அந்தக் கிளினிக் இருந்த இடத்தில் இன்று ஒரு லாட்ஜ் நிற்கிறது. பஸ்கள் வேறு முனையில் நிற்கின்றன. போன வருஷம் அப்பாவும் போய்விட்டார், மாரடைப்பு. என்னிடம் மன்னிப்பு என்று அவர் ஒன்றும் கேட்கவில்லை. கடைசிக் காலத்தில் சென்னை ஆஸ்பத்திரிக்கு நான் கிளம்பும் நாட்களில், என்னைப் பஸ் ஏற்றிவிட, பைக்கை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்துவார், அவ்வளவுதான்.

இப்போது தண்டலம் பக்கம் ஒரு ஹாஸ்டலில் தங்கி வேலைக்குப் போகிறேன். அம்மா தினமும் போன் செய்கிறாள். ஒருநாள் தூக்கக் கலக்கத்தில், குரலை ஏற்ற மறந்து, "சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பக்கம் அம்மா அழுதுவிட்டாள். அது அப்படியே அப்பாவின் குரலாம். ஷிப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அவர் கேட்கும் முதல் கேள்வியும் அதுதானாம்.

அதிலிருந்து அவள் கேட்கிறாள். தினமும் அல்ல, எப்போதாவது, தயங்கித் தயங்கி. "உனக்கு அது புடிக்காதுன்னு தெரியும். ஒரே ஒருவாட்டி அவரு கொரல்ல கேளுடி."

எனக்கு எரிச்சல் வருகிறது, அழுகையும் வருகிறது. ஹாஸ்டல் மொட்டை மாடிக்குப் போய், யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, இத்தனை பாடுபட்டு ஏற்றிய குரலை இறக்கி, "சாப்ட்டியா?" என்று கேட்கிறேன்.

"சாப்ட்டேங்க" என்கிறாள் அம்மா.