வெள்ளைக்குள்ள ஒளிச்ச சொல்லு

நான் எட்டாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்டனான். அதை முதலே சொல்லிப்போடுறன். கொம்பியூட்டரைப் பற்றிக் கதைக்க உனக்கு என்ன தகுதி எண்டு கடை முதலாளி கேட்டவர், நீங்களும் கேப்பியள்.

சண்டை திரும்பத் துவங்கின காலம் அது. மன்னார் ரவுணில பஸ் ஸ்ராண்டுக்குப் பின்னால ஒரு கொமினிகேசன் கடை. ரெண்டு கொம்பியூட்டர், ஒரு ரெலிபோன் கூண்டு. கூட்டித் துடைக்கத்தான் முதலாளி என்னைச் சேர்த்தவர். பாத்துப் பாத்துத் தமிழ் அடிக்கப் பழகினன். பிறகு தன்ரை மரண அறிவித்தல் பக்கத்தையும் என்னட்டை விட்டிட்டார். செத்த ஆக்களின்ரை படமும் விவரமும் இன்ரநெற்றில போடுற பக்கம். வெளிநாட்டில இருக்கிற சனம் பாக்கும். ஓரத்தில பிளேன் ரிக்கெற் விளம்பரம், நகைக்கடை விளம்பரம். ஆக்கள் வந்தாத்தான் விளம்பரம் நிக்கும்.

அப்பதான் என்ரை தம்பி செத்தான். விடியக் கடலுக்குப் போனவன், மூண்டாம் நாள் கரையில கிடந்தான். சூட்டுக்காயம் இருந்தது. ஆர் சுட்டது எண்டு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்ல. கேக்கப் போனா இன்னொராளும் வீட்டுக்கு வராது எண்டு அம்மா விடேல்ல. பத்தொன்பது வயசு அவனுக்கு.

மூத்தண்ணாவுக்கு இது தெரியாது. அவர் ஏஜென்சியால வெளிநாடு போனவர். அவரின்ரை நம்பரை அம்மா அலுமாரிக் கதவின்ரை உள்பக்கத்தில பென்சிலால எழுதி வைச்சிருந்தவ. கரையை விட்டு இடம்பெயர்ந்து ரவுணுக்கு வரேக்க பானையைத் தூக்கினம், மாதா சுரூபத்தைத் தூக்கினம். நம்பரைப் பாத்தெழுத ஒருத்தருக்கும் நினைப்பு வரேல்ல. அவருக்கும் எங்களைப் பிடிக்க வேற நம்பர் இல்லை.

"முப்பத்தோராம் நாள் பூசைக்கு முதல் அவனுக்குத் தெரியவேணும்," எண்டு அம்மா ஒரே சொல்லு. "தம்பி இல்லை எண்டு தெரியாமல் அவன் அங்க சிரிச்சுக்கொண்டு திரிய, நான் இஞ்ச பூசை வைக்கிறதோ?"

முதலாளி தம்பின்ரை அறிவித்தலைத் தானே அடிச்சுப் போட்டார். என்னட்டைக் காசு ஒண்டும் வாங்கேல்ல, குறை சொல்லக்கூடாது. 'மன்னாரைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட அன்னார் பாசமும் பண்பும் நிறைந்தவர்.' முதல் நாள் போட்ட எழுபது வயசு ஐயாவுக்கும் இதே வரிதான். மன்னார் மரணம் எண்டு அடிச்சுத் தேடிக் காட்டினார். "பார் பிள்ளை, முதலாவதா நிக்குது."

நான் தம்பின்ரை படத்துக்குக் கீழ மவுசைப் பிடிச்சு இழுத்தன். வெறும் வெள்ளையா இருந்த இடம் நீலமா மாறி, அதுக்குள்ள எழுத்துத் தெரிஞ்சுது. மன்னார் மரணம் மன்னார் மரணம் மன்னார் கலியாணம் மன்னார் கருவாடு மன்னார் விசா மன்னார் மரணம். வெள்ளைக்கு மேல வெள்ளை எழுத்து.

"இதென்ன அண்ணை?"

"அது தேடுற மெசினுக்கு. மெசின் சொல்லை எண்ணும். கூட இருந்தா மேல தூக்கும். மனிசருக்குத் தெரியாது."

"கருவாடு தேடுறவன் என்ரை தம்பியில வந்து விழுறதோ?"

"வந்தாச் சரிதானே."

"வந்து என்ன செய்வான்?"

"எட்டாம் வகுப்புக்கு இதுகள் விளங்காது பிள்ளை."

"எனக்கு மீன் விளங்கும் அண்ணை. கூறு வைக்கேக்க மேல நல்லதை அடுக்கி அடியில பழுதைத் தள்ளினா அண்டைக்கு விக்கும். அடுத்த நாள் எங்கடை கூறைத் தாண்டிப் போவினம். உங்கடை பக்கத்துக்கு வாறவை ஒரு வரி வாசிக்க முதல் ஓடுகினம். அந்தக் கணக்கை நீங்கள்தானே எனக்குக் காட்டினனீங்கள்."

அவர் தேத்தண்ணி குடிக்கப் போயிட்டார்.

நான் இருந்து யோசிச்சன். மூத்தண்ணா மன்னார் மரணம் எண்டு ஏன் தேடப்போறார்? ஆரும் செத்தது எண்டு அவருக்குத் தெரியாதே. அவர் தேடுறதெண்டா உயிரோட இருக்கிற எங்களைத்தான் தேடுவார். எங்கடை வள்ளத்தின்ரை பேரை அடிப்பார். நாங்கள் மீன் இறக்கிற துறையை அடிப்பார். ஊர்ச்சனம் எங்கடை வீட்டுக்கு வைச்ச பட்டப்பேரை அடிப்பார்.

வெள்ளை எழுத்து முழுக்க அழிச்சன். அன்னாரையும் அழிச்சன். வள்ளத்தின்ரை பேர், துறை, பட்டப்பேர் எல்லாம் ஒருக்கா ஒருக்காப் போட்டன். பிறகு தம்பியை எழுதினன். நண்டுக்குப் பயந்தவன். நண்டு வலை எடுக்கிற நாளில பள்ளிக்கூடச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வள்ளத்தில ஏறுவான், துறையே சிரிக்கும். பூசையில கடைசி வரிசை வாங்கில இருந்து, சுவாமி பிரசங்கம் துவங்க ஐஸ்பழக்காரனிட்டைப் போயிடுவான். அம்மாவுக்கு மீன் முள்ளு எடுத்துக் குடுப்பான். கீழ கடை நம்பரைப் போட்டன்.

அடுத்த கிழமை மன்னார் மரணம் எண்டு தேடினா, பக்கம் நாலாம் தாளுக்கு விழுந்திட்டுது.

"உன்ரை எழுத்து நாலாம் தாளில படுத்திருக்கு," எண்டார் முதலாளி. "திருப்பிப் போடட்டோ?"

"கை வைச்சியளெண்டா நான் நாளைக்கு வரமாட்டன். கூட்டவும் ஆள் இல்லை, அடிக்கவும் ஆள் இல்லை."

அவர் கை வைக்கேல்ல. நான் ஒவ்வொரு நாளும் தேடிப் பாத்தன். எங்கடை துறைச் சனம் எத்தினை நாட்டில இருக்குதோ, ஆரோ வாசிச்சு ஆருக்கோ அனுப்பியிருக்கினம். வந்தவை ஓடேல்ல, கடைசி வரி வரைக்கும் நிண்டவை. பக்கம் மூண்டாம் தாளுக்கு வந்தது, பிறகு ரெண்டாம் தாளுக்கு. அம்மா நாளை எண்ணிக்கொண்டிருந்தா.

இருபத்தேழாம் நாள் கடை போன் அடிச்சது. எடுத்தன்.

"சப்பாத்துக் கதையை ஏனடி உலகத்துக்குச் சொன்னனி?" எண்டார் மூத்தண்ணா. அதோட குரல் உடைஞ்சு போச்சு. ரெண்டு பேரும் அழுது முடிச்சாப் பிறகுதான் எப்பிடிக் கண்டனீங்கள் எண்டு கேட்டன்.

"வள்ளத்தின்ரை பேரை அடிச்சனான்." பிறகு சொன்னார். "அந்தப் பக்கத்துக்கு முதலும் ஒருக்கா வந்தனான். கருவாடு வாங்கத் தேடினன், மேல அதுதான் நிண்டது. திறந்தா மரண அறிவித்தல். என்ன சனியன் எண்டு உடனே மூடிப்போட்டன். அண்டைக்கும் இவன் அதுக்குள்ள இருந்திருக்கிறான் என்ன? நான் கீழ இறங்கிப் பாக்கேல்ல."

ஓம் எண்டு சொல்லி, அவரின்ரை நம்பரைக் கேட்டு எழுதினன்.

பூசையண்டைக்கு அவரும் தான் இருக்கிற இடத்துக் கோயிலில மெழுகுதிரி கொளுத்தினவர். அம்மா அண்டைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டவ.

அடுத்த நாள் முதலாளி சிரிச்சுக்கொண்டு வந்தார். "பிள்ளை, அந்த நண்டு வரி நல்லா ஏறுது. இனி வாற எல்லாருக்கும் அதையே போடு. பேரை மட்டும் மாத்து."

"செத்தவை எல்லாரும் நண்டுக்குப் பயந்தவையோ அண்ணை?"

அண்டைக்கு ஒரு மனிசி புருசன்ரை படத்தோட வந்து நிண்டவ. முதலாளி அன்னார் எண்டு அடிக்கத் துவங்கினார். நான் கீபோர்ட்டை என்ரை பக்கம் இழுத்தன். அவவைக் கதிரையில இருத்திக் கேட்டன்.

"சொல்லுங்கோ அக்கா. அவர் எதுக்குப் பயந்தவர்?"