நாடாவுக்குக் கீழே தண்ணீர்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் 'மழை வந்தா'. வெளிநாட்டு நிதியில் பள்ளிக்கூடம், பாலம், ஆஸ்பத்திரி கட்டித் தரும் அலுவலகம் அது. யார் எந்த வரைபடத்தை விரித்தாலும் கடைசி நாற்காலியிலிருந்து அவள் குரல் வரும்: "எல்லாம் சரி, மழை வந்தா?" கல்யாணம் பேசி முடித்த கையோடு மாமனார் வீட்டுக்கு முதன்முதலாகப் போனபோதும் அப்படித்தான். எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருக்க, இவள் சமையலறைப் பின்வாசலை எட்டிப் பார்த்து, "தண்ணி எந்தப் பக்கமா வடியும்?" என்று கேட்டாளாம். மாமியார் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பிற்பாடு அந்த வாசற்படியை உயர்த்திக் கட்டியதை மட்டும் சொல்ல மறந்துவிடுவார்.

படித்தது நீரியல். ஊர்ச் சாக்கடைகளை அளந்து அளந்து செருப்புத் தேய்ந்த பிறகு கிடைத்தது இந்த உத்தியோகம்: காலநிலை அபாய அதிகாரி. பெயர் என்னவோ பெரிதுதான். திட்டமெல்லாம் போட்டு முடித்த பிறகு, 'வெள்ளம், வெயில், புயல் எல்லாம் பார்த்தாயிற்று' என்று கடைசிப் பக்கத்தில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் வேலை. பந்தி பரிமாறிய பிறகு உப்புப் பார்க்கச் சொல்வது மாதிரி. அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

இந்த முறை வம்பு வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. ஆற்றங்கரையில் வரப்போகும் பிரசவ ஆஸ்பத்திரிக்காக ஏறாத படியெல்லாம் ஏறியவள் அவளுடைய நாத்தனார், பழைய ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ். வரைபடத்தில் பிரசவ அறை தரைத்தளத்தில் இருந்தது. என்றைக்கோ பெய்த மழையை வைத்துப் போட்ட கணக்கு அது. இப்போதைய மழை யாருடைய கணக்குக்குக் கட்டுப்படுகிறது? போன இரண்டு மழைக்கும் ஆறு சாலையோரம் வரை எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. பிரசவ அறையை மாடிக்கு ஏற்றினால்தான் கையெழுத்து என்று இவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

நாத்தனார் கொதித்துப்போனாள். "அண்ணி, ஒண்ணை மாத்தினா மறுபடி மேலிடத்துக்குப் போகும். அங்க இழுத்தடிப்பாங்க. அதுக்குள்ள நிதி வேற நாட்டுக்குப் போயிடும். வராத தண்ணிக்குப் பயந்து, வர்ற ஆஸ்பத்திரிய விரட்டிடாதீங்க!"

அந்தப் பயம் பொய்யில்லை. அப்படிக் கைநழுவிப் போன திட்டங்களை இவளும் பார்த்திருக்கிறாள். கையெழுத்துப் போட்டால் ஆஸ்பத்திரி வரும், வெள்ளத்தின் வாயில். போடாவிட்டால் அதுவும் வராமல் போகலாம்.

வரைபடத்தை அனுப்ப வேண்டிய அன்று காலை, திட்ட இயக்குநர் அவளைப் பழைய ஆஸ்பத்திரிக்கே அழைத்துக்கொண்டு வந்தார். நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாலாவது மனசு இளகும் என்பது அவர் கணக்கு. அன்று பிரசவ அறை காலி.

"புது அறையும் இதே அளவு, இதே தரைமட்டம். என்னம்மா குறை? போட்டுடு."

"போடறேன் சார். ஒரே ஒரு பிரசவம் பார்த்துட்டுப் போடறேன்" என்று பையிலிருந்து நீல நாடாவை எடுத்தாள். நான்கு சுவரையும் சுற்றி, இடுப்புக்குச் சற்று மேலே ஒட்டினாள். "இனிமே வரக்கூடிய வெள்ளம் இந்த மட்டத்துக்கு வரும். நாடாவுக்குக் கீழ இருக்கறதெல்லாம் தண்ணிக்குள்ள. எதையும் எடுக்கக் கூடாது. பிரசவம் ஆரம்பிக்கலாம்."

கர்ப்பிணிக்கு எங்கே போவது? வாசலில் நின்ற வேன் டிரைவரைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தார்கள். முறுக்கு மீசைக்காரர், ஊரைக் கூட்டுகிற மாதிரி, "அம்மாடி, வலிக்குதே!" என்று ஓலமிட்டார். "எனக்கு நீச்சல் தெரியாதுப்பா" என்று இயக்குநர் மேஜைமேல் ஏறி நின்றுகொண்டார். நாத்தனாருக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது. சரி, விளையாட்டுத்தானே என்று கையுறைப் பெட்டியை எடுக்கப் போனாள்.

"தண்ணிக்குள்ள!"

விளக்கைப் போடலாமென்றால் சுவிட்சுப் பலகை தண்ணிக்குள்ள. ஆக்சிஜன் சிலிண்டர் தண்ணிக்குள்ள. தடுப்பூசி ஃபிரிட்ஜ் தண்ணிக்குள்ள. ஒவ்வொன்றாக மூழ்க மூழ்க நாத்தனாரின் கைக்கு வேகம் வந்தது. விளையாட்டு என்பதே மறந்துவிட்டது. கத்தரிக்கோலைச் சட்டைப்பையில் செருகினாள், மேலே ஆணியில் தொங்கிய துண்டை இழுத்தாள், டிரைவரைத் திட்டினாள், தைரியம் சொன்னாள். அவளைப் பார்க்கப் பார்க்க அண்ணிக்கே மயிர்க்கூச்செறிந்தது.

"பொறந்தாச்சு!" என்று துண்டைச் சுருட்டிக் கையில் ஏந்தினாள் நாத்தனார். டிரைவர் ஆனந்தக் கண்ணீரே விட்டார்.

பிறகு அவள் அப்படியே நின்றாள்.

"அம்மாவுக்கு ரத்தம் நிக்கலைன்னா எனக்கு ரெண்டு கையும் வேணும்" என்றாள். "குழந்தைய எங்க வைக்கிறது?"

தொட்டில், கட்டில், மேஜைப் பலகை எல்லாமே நாடாவுக்குக் கீழே. அவள் ஒரு சுற்றுத் திரும்பிப் பார்த்துவிட்டு, மேஜைமேல் நின்றவரிடம் துண்டை நீட்டினாள். "பிடிங்க சார்."

வாங்கிக்கொண்டு அவர் இறங்கக் காலை நீட்டினார்.

"இறங்காதீங்க!" அவள் போட்ட சத்தத்தில் கால் தானாக மேலே போனது. "என் கையில பொறந்ததைத் தண்ணில விட மாட்டேன் சார். பிரசவ அறை மாடிக்குப் போகட்டும். அண்ணி சொல்றதுதான் சரி."

அண்ணி நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள். கேட்டது நிஜம்தானா?

"ஆஸ்பத்திரியே தள்ளிப் போனா என்னம்மா பண்ணுவே?" என்றார் இயக்குநர்.

"அண்ணியும் நானும் சேர்ந்து வந்து உங்க வாசல்ல உட்காருவோம்."

அவர் துண்டைப் பார்த்தார். நாடாவைப் பார்த்தார். "அதெல்லாம் தேவையில்ல. மேலிடத்துல நானே பேசறேன். மாடிக்குப் போகாம இந்த வரைபடம் என் கையை விட்டுப் போகாது."

அண்ணி குதித்தேவிட்டாள், வயதை மறந்து, அந்த நடு அறையில். நாத்தனார் அதைக் கவனிக்கவே இல்லை. இயக்குநரை நோக்கிக் கையை நீட்டியபடி நின்றாள்.

"முதல்ல குழந்தையக் கொடுங்க சார். இப்படி இறுக்கினா அதுக்கு மூச்சு முட்டும்."