பாக்கியம் அத்தை உயிரோடுதான் இருக்கிறார்

ஆங்கில இலக்கியம் படிக்கப் போகிறவன் முதலில் கற்றுக்கொள்வது, ஆசிரியரின் கண்ணில் படாமல் உட்காரும் கலையை. மார்க்குக்கு ஆசைப்பட்டுக் கூடவே பிரெஞ்சும் எடுத்து மாட்டிக்கொண்ட தோழர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை.

ராஜா வேஷம்

2005-இல் மரக்காணத்திலிருந்து தினமும் பஸ் பிடித்துப் புதுச்சேரியில் கல்லூரிக்குப் போனேன். நாடக வகுப்பில் ஆளுக்கொரு வசனம் வாசிக்க வேண்டும். என் முறைக்கு எந்த வசனம் வரும் என்று முன்கூட்டியே எண்ணி, அதை மட்டும் உதடு காயும்வரை சொல்லிப் பார்ப்பேன். ஒருநாள் முன் பெஞ்சுக்காரன் வரவில்லை. வரிசை மாறி, ராஜாவின் நீளமான பேச்சு என் தலையில் விழுந்தது. எழுந்து நின்றேன், குரல் வரவில்லை. பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உக்காருப்பா, ராஜா செத்துட்டாருன்னு வச்சுக்கலாம்."

வெளிநாட்டுக் கடிதம்

எதிர்வீட்டு பாக்கியம் அத்தையின் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். முந்தைய வருஷம் இறந்துபோனார். அங்கிருந்து வரும் பென்ஷனில்தான் அத்தைக்குச் சோறு. முதல் கடிதம் வந்ததும் நேராக என்னிடம் கொண்டுவந்தார். தெருவில் பிரெஞ்சு படிப்பவன் நான் ஒருவன்தான். நான்கு மாதப் படிப்பில் என் பெயரையும் வயதையும் சொல்ல வரும், அவ்வளவுதான். உப்பளத்திலிருந்து திரும்பிய அப்பா, கால்கூடக் கழுவாமல் பெருமையோடு பார்த்துக்கொண்டு நின்றார். தெரியாது என்று சொல்லப் பயம். "சௌக்கியமான்னு கேட்டிருக்காங்க அத்தை, வேற ஒண்ணுமில்ல" என்றேன்.

அத்தை கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார். "அதுக்கு இவ்ளோ பெரிய காகிதமா? பாசக்காரனுங்கதான்."

காலிக் கட்டம்

கடிதத்தின் அடியில் கையெழுத்துக்கு ஒரு காலிக் கட்டம் இருந்தது. சோற்றுத் தட்டிலும் உப்புப் பாத்தியிலும் அதுவே தெரிந்தது. மூன்று வாரம் தாங்கினேன். பிறகு ஏதோ சாக்குச் சொல்லிக் கடிதத்தை வாங்கிப்போய்ப் பிரெஞ்சு மேடத்திடம் நீட்டினேன்.

"அந்தம்மா உயிரோட இருக்காங்களான்னு கேட்டிருக்காங்க. நாளைக்குள்ள இங்க புதுச்சேரியில இருக்கிற பிரெஞ்சுத் தூதரக ஆபீஸுக்கு நேர்ல வந்து கையெழுத்துப் போடலேன்னா, இறந்துட்டதா நெனச்சுப் பென்ஷனை நிறுத்திடுவாங்க" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "முதல் பாடத்துலயே 'எனக்குத் தெரியாது'ன்னு சொல்லக் கத்துக்குடுத்தேனே, அன்னிக்கு நீ லீவா?"

முதல் பஸ்

மறுநாள் முதல் பஸ்ஸில் அத்தையை ஏற்றிய பிறகுதான் உண்மையைச் சொன்னேன். கீழ்புத்துப்பட்டு தாண்டும்வரை அவர் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஆபீஸில் கையெழுத்துப் போட்டு, முத்திரை விழுந்ததைக் கண்ணால் பார்த்து, வாசலுக்கு வந்த பிறகு சொன்னார்: "டேய், இனிமே நெஜமாவே செத்தாலும் உங்கிட்ட சொல்லமாட்டேன்."

மறுபடியும்

சொன்னாரே தவிர, 2006-இல் அடுத்த கடிதமும் என்னிடம்தான் வந்தது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் இரண்டு முறை பார்த்தேன். அத்தை எதிரில் கைகட்டி நின்றார்.

"நல்லா பாத்துச் சொல்லுடா, உயிரோட இருக்கேனா?"

நான் படித்த பிரெஞ்சு இதுவரை காப்பாற்றியது ஒரே ஓர் உயிரை, அதுவும் அது முதலில் கொல்லப் பார்த்த உயிரை.