உம்மாட முகம்

திருகோணமலை இறங்குதுறையில் மூதூர்ப் படகுக்காகக் காத்திருக்கிறேன். பக்கத்தில் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர். யுத்த காலத்தில் பார்வையற்ற பிள்ளைகளுக்கு இந்த நகரில் விடுதிப் பள்ளி நடத்தியவராம்.

“பாலம் வந்திட்டுதே, பஸ்ஸில போகலாமே?” என்கிறேன்.

“ஓம். ஆனா படகுச் சத்தம் கேட்டாத்தான் பிள்ளையளின்ர ஞாபகம் வரும். சண்டையில படகு நிண்டுட்டுது. ஒருத்தரையும் வீட்டுக்கு அனுப்ப ஏலாது. ஷெல் விழேக்க எல்லாரையும் சமைக்கிற குசினிக்குள்ள இருத்திப் பாடவிடுவன். என்ன பாட்டு!”

அவர் முகம் மலர்கிறது. பிறகு மூதூர்ச் சிறுமி ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறார். படகு மறுபடி ஓடியதும் அவளின் தாய் வந்திருக்கிறார். அகதி முகாமில் இருந்ததால் மிகவும் மெலிந்துபோனவர். மகள் அவர் முகத்தைத் தடவிவிட்டு, “இது எங்கட உம்மா இல்ல. உம்மாட முகம் பெரிசு” என்று ரீச்சரிடம் ஓடிவந்துவிட்டாள்.

“பிறகு?”

“தாய் திரும்பிப் போகேல்ல. எங்களோடயே தங்கிப் பிள்ளையளுக்குச் சமைச்சா. ஒருநாள் மகள் தானாப் போய் அவட மடியில படுத்திட்டா. அடுத்த படகில ரெண்டு பேரும் போயிட்டினம். நான் இதில நிண்டு அழுதனான்.”

“சந்தோசத்திலயோ?”

“இல்லை, அவளை விட ஏலாமத்தான்” என்கிறார். “இப்ப அவளின்ர வீட்டுக்குத்தான் போறன்.”

படகு துறையைத் தொடும் முன்பே எழுந்துவிடுகிறார்.