முதல் வரியில் சொல்லிவிடு

அஜோவா எழுதும் கட்டுரைகளில் விஷயம் கடைசிப் பத்தியில்தான் வந்து சேரும். ஆபாம் மீனவ ஊரில் எஷுன் என்பவர் நடத்தும் சின்னப் பள்ளியில் அவள் பாலர் வகுப்பு டீச்சர். மூக்கைத் துடைத்துவிட்டு, எழுத்து சொல்லிக்கொடுத்து, மத்தியானம் பாயில் தூங்கவைத்து, அந்தப் பிள்ளைகளோடேயே நாற்பது வயதைத் தாண்டிவிட்டாள். பள்ளி இறுதித் தேர்வில் ஆங்கிலம் மட்டும் பாக்கி நின்றது. இத்தனை காலம் அதை யாரும் கேட்கவில்லை. இப்போது எஷுன் கேட்டார்.

"இந்தத் தடவை பாஸ் பண்ணிடு, அஜோவா. இல்லேன்னா உன் இடத்துக்கு காலேஜ் முடிச்ச பொண்ணு வருது. என்மேல வருத்தப்படாதே. பெத்தவங்களே சர்ட்டிபிகேட் எங்கன்னு கேக்கறாங்க."

வேலை போனால் அக்கா எகுவாவைப் போல மீனைப் புகையில் வாட்டி விற்க வேண்டியதுதான். அஜோவாவுக்கோ ஆஸ்துமா. அக்காவின் அடுப்பருகே கொஞ்ச நேரம் நின்றாலே நெஞ்சு விசில் அடிக்கும்.

தனித்தேர்வு எழுதுகிறவர்களுக்குச் சனிக்கிழமைகளில் தேவாலயக் கூடத்தில் வகுப்பு நடந்தது. எகுவாவின் மூத்த மகன் எபோ, படகுக்குப் போகாத நாளில், சித்தியை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விடுவான். வகுப்பு எடுத்த கார்ட்டி அவளைவிட வெகு சின்னவன். வாயும் கொஞ்சம் அதிகம்.

"மேடம், தலைப்பு என்ன?"

"கடற்கரையில குப்பை கொட்டறதால வர்ற தீமைகள், சார்."

"உங்க முதல் பக்கத்துல ஊர்த் தலைவர் நல்லா இருக்கார். காத்து நல்லா வீசுது. குப்பை எங்க?"

"வரும், சார்."

"எப்ப? நான் ரிட்டயர் ஆனப்புறமா?"

வகுப்பே சிரித்தது. அஜோவாவும் சிரித்தாள். பிறகு விடாமல் கேட்டாள்: "எடுத்த எடுப்புல குப்பைன்னு எப்படி சார் ஆரம்பிக்கறது? மரியாதை வேண்டாமா?"

"பேப்பர் திருத்தறவன் உங்க வீட்டு விருந்தாளி இல்ல. அவனை உக்காரவெச்சு, தண்ணி குடுத்து, அப்புறம்தான் சேதி பேசணுங்கறது இல்ல. அவன் மேஜையில பேப்பர் குவிஞ்சு கிடக்கு. முதல் வரியில விஷயத்தைச் சொல்லிடுங்க. அப்புறம் காரணம். அப்புறம் அதுக்கு ஆதாரம். முடிஞ்சுது."

அவளுக்கு அது உடம்பில் ஒட்டவே இல்லை. அந்த ஊரில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் தண்ணீர் வரும். குடித்து முடித்ததும் அங்கே என்ன சேதி என்று வீட்டார் கேட்பார்கள். இங்கே அமைதிதான், தீங்கு எதையும் சுமந்து வரவில்லை என்று வந்தவர் சொல்ல வேண்டும். சாவுச் செய்தியோடு வந்தவரும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆனாலும் அவள் பழகிக்கொண்டாள். எழுதிப் பழகியதோடு பேசியும் பழகினாள். கென்கே என்னும் சோளமாவு உருண்டையும் பொரித்த மீனும் விற்கிறவளிடம் போய், "உன் பொரிச்ச மீன் பழசு. எண்ணெய் வாடை அடிக்குது. தொட்டா வால் உடையுது" என்றாள்.

"என்னடி, கோர்ட்டுல சாட்சி சொல்றியா?" என்றாள் அவள்.

எகுவா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "என் தங்கச்சிக்கு வெள்ளைக்காரன் வாய் வந்துடுச்சு! இனி பாஸ்தான்!"

தேர்வு வின்னேபாவில். அன்று விடிகிற நேரத்தில் அஜோவாவின் கதவைத் தட்டியவர் குடும்பத்துப் பெரியவர் குவாமெனா. கூட இன்னொருவர். இருவர் கால்களிலும் ஈர மணல். எபோ போன படகு கவிழ்ந்துவிட்டது. மற்றவர்கள் நீந்திக் கரையேறிவிட்டார்கள். எபோவின் உடல் பாறைப் பக்கம் ஒதுங்கியிருந்தது.

அஜோவா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எழுந்திரு, மகளே. சந்தைக்குப் போறவங்க வாயிலேருந்து உன் அக்கா கேக்கக் கூடாது. நீ ஒரே வயித்துப் பொறப்பு. பக்கத்துல இருக்கணும்" என்றார் பெரியவர்.

"பரீட்சை இருக்கே, ஐயா. வண்டி..."

"பேச வேண்டியதை நான் பேசிக்கறேன். நீ வந்து உக்காரு, போதும்."

போனார்கள். எகுவா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். இத்தனை காலையில் பெரியவர்களைக் கண்டதும் அவள் முகம் சுருங்கியது. ஆனாலும் முக்காலிகள் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடித்தபின் சேதி கேட்டாள்.

"இங்கே அமைதிதான்" என்று குவாமெனா தொடங்கினார். நேற்றைய காற்றைப் பற்றிச் சொன்னார். யார் யார் வலை எடுத்தார்கள், மேகம் எந்தப் பக்கம் கறுத்தது என்று சொன்னார். ஒவ்வொரு சொல்லுக்கும் எகுவாவின் தலை மெல்ல அசைந்தது. சேதியை நோக்கி அவள் ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தாள். இறங்கட்டும் என்றுதான் பெரியவரும் நிதானமாகப் பேசினார்.

சாலையில் வின்னேபா வண்டியின் ஹாரன் கேட்டது. அதைவிட்டால் அடுத்த வண்டி ஆள் சேர்ந்த பிறகுதான் கிளம்பும். தேர்வுக்கூடக் கதவு அதுவரை திறந்திருக்காது. குவாமெனா இன்னும் மேகத்திலேயே இருந்தார். மறுபடி ஹாரன்.

"அக்கா, எபோ செத்துட்டான்" என்றாள் அஜோவா. "படகு கவுந்துடுச்சு. உடம்பு பாறைகிட்ட கிடக்கு."

எகுவா அவளைப் பார்க்கவில்லை. பெரியவரைப் பார்த்து, "இவ என்ன சொல்றா?" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். எகுவா தரையில் சரிந்தாள். அழுகை வரவில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது.

அஜோவா அவள் தோளைத் தொட்டாள். பிறகு எழுந்து சாலைக்கு ஓடினாள். கையில் பேனாப் பையோடு அவள் ஓடியதைத் தெருவே பார்த்தது.

தேர்வில் அவள் நன்றாகவே எழுதினாள். முதல் வரியில் விஷயம், அடுத்து காரணம், அடுத்து ஆதாரம். இரண்டாவது பக்கத்தில்தான், காலையில் அக்காவிடம் சொன்னதும் இதே வரிசையில்தான் என்று அவளுக்கு உறைத்தது. பேனா நின்றது. கண்காணிப்பாளர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு எழுதி முடித்தாள்.

கடலில் செத்தவனை அன்றே புதைப்பது ஊர் வழக்கம்; எபோவையும் புதைத்துவிட்டார்கள். அவள் திரும்பியபோது மண் மூடியாகிவிட்டது. பிறகு நடந்த சடங்குக்குச் சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டினார்கள். நடுவில் எபோவின் படம், கீழே பெரியம்மா, மாமன், தூரத்துக் குமாசி நகரில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பி வரைக்கும் பெயர்கள். அஜோவாவின் பெயர் இல்லை. அச்சகத்தில் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்து குவாமெனாவிடம் கேட்டாள்.

"அச்சகத்துக்காரன் எதையும் விடலை. உன் அக்காதான் வேண்டாம்னா" என்றார் அவர்.

தேர்வு முடிவு வந்தது. நல்ல மதிப்பெண். எஷுன் காலைக் கூட்டத்தில் பெற்றோர் முன்னால் அறிவித்தார், எல்லோரும் கை தட்டினார்கள். பாலர் வகுப்பு அவளுக்கே என்று ஆயிற்று.

அன்று மாலை சந்தை வழியில் எகுவா தலையில் மீன் தட்டோடு எதிரே வந்தாள். அஜோவா நின்று, "அக்கா, மாலை வணக்கம்" என்றாள்.

எகுவாவும் நின்றாள். வணக்கத்துக்குப் பதில் சொல்லாமல் போகும் வழக்கம் அந்த ஊரில் கிடையாது.

"வணக்கம், டீச்சரம்மா" என்று சொல்லிவிட்டு, தட்டைச் சரிசெய்துகொண்டு நடந்தாள்.